அப்பாவின் போனைக் கழுவி எடுத்த கதை

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் சித்தி பெண் கூப்பிட்டாள். "அண்ணா, பெரியப்பா எதுக்கு எனக்கு ஆர்டிஓ சலான் அனுப்பியிருக்கார்? நான் வண்டியே ஓட்டுறதில்லையே."

ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். காவல்துறை முத்திரை மாதிரி ஒரு படம், கீழே 'ஆர்டிஓ இ-சலான்', அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டு, என்று பெயர் வைத்த கோப்பு. பெயரின் வாலில் ஏபிகே. அதாவது அது சலானும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவும் கோப்பு. குலதெய்வக் கோயில் குழு, மின்வாரிய ஓய்வூதியர் குழு, தெருக் குழு எல்லாவற்றுக்கும் இரவு 2:10க்கு அப்பா எண்ணிலிருந்து போயிருந்தது. அப்பா ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஐந்துக்குத்தான் எழுந்திருப்பார்.

நான் சென்னையில், போன் கும்பகோணத்தில். அம்மாவின் போனுக்கு அடித்து, அப்பாவின் போனை முதலில் அணைக்கச் சொன்னேன். ஏரோபிளேன் மோட் என்றெல்லாம் விளக்கப் பொறுமை இல்லை. அதுவுமில்லாமல் அந்த மோடில் போட்டாலும் சில போன்களில் வைஃபை மட்டும் உயிரோடு இருந்துவிடும். அணைத்துவிட்டு சிம்மை வெளியே எடுக்கச் சொன்னேன். சிம் ஊசி கிடைக்காமல் அம்மா தன் கம்மல் திருகாணியின் தண்டை வைத்துக் குத்தி எடுத்தாராம்.

அப்புறம்தான் கேட்டேன். "அப்பா, அதுல ஏதாவது கார்டு நம்பர் போட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒரு ரூபாதானே கேட்டுச்சுன்னு போட்டேன்."

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'இன்று இரவு 9:30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று சில வருஷம் முன்பு நாடு முழுக்க ஒரு பொய் எஸ்எம்எஸ் சுற்றியதே, அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தவர். "ராத்திரி ஒன்பதரைக்கு எவன்டா ஏணி தூக்கிட்டு ஃபியூஸ் புடுங்க வருவான்?" என்பார். தன் தொழில் சம்பந்தப்பட்ட பொய் என்பதால் உடனே பிடிபட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை சலான் வந்தபோது அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது: புதன்கிழமை ஹெல்மெட் இல்லாமல் மார்க்கெட் போனார், மகாமகக் குளத்துப் பக்கம் போக்குவரத்துக் காவலர் ஒருவர் இவரைப் பார்த்தார். அந்தக் குற்ற உணர்ச்சியோடு சலான் பொருந்திவிட்டது. கோப்பும் வந்தது முன்பின் தெரியாத எண்ணிலிருந்து இல்லை, தினமும் கூட நடக்கும் நண்பரிடமிருந்து. நண்பரின் போனும் முந்தின நாளே போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து கார்டை முடக்கினோம். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கே அம்மா போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னேன்; தேடினால் மேலே வந்து நிற்பதே சில சமயம் திருடன் எண்ணாக இருக்கும். அன்று மூன்றாவது சனி, வங்கி திறந்திருந்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அப்பா நேராகப் போய் அச்சடித்தார். வெள்ளி இரவு இரண்டு வரிகள்: 4,999, அப்புறம் 4,500.

பேருந்தில் உட்கார்ந்தபடியே 1930க்கு அடித்தேன். சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது (முன்பு 155260 ஆக இருந்ததை மாற்றினார்கள்). சிறிது நேரம் காத்திருந்தபின் எடுத்தார்கள். கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். பாஸ்புக் பக்கத்தை அம்மா படம் எடுத்து அனுப்பியிருந்ததால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. மிச்ச விவரங்களை மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் தளத்தில் அன்றே நிரப்பினேன். இங்கே அவசரம் எதற்கென்றால், பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஏடிஎம்மில் உருவிவிட்டால் முடிந்தது. தாவும் வழியில் நிற்கும்போதே பிடித்து வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகவும் ஒரு புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நேரத்தோடு முத்திரை வாங்கச் சொல்லியிருந்தேன். "உங்க அப்பாவே டைப் பண்ணியிருக்கார், நாங்க என்ன சார் பண்றது" என்றார் கிளை ஊழியர். அவர் சொன்னது பாதி சரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளர் தலையில்தான். ஆனால் தெரிவித்த நிமிஷத்துக்குப் பிறகு போவதெல்லாம் வங்கியின் பொறுப்பு. முத்திரையில் நேரம் கேட்டதற்குக் காரணம் அந்த இன்னொரு பாதி.

மாலை நான்கு மணி, திண்ணை

ஊர் போய்ச் சேர்ந்தபோது மேசையில் போன், சிம், பாஸ்புக், போன் வாங்கிய அட்டைப்பெட்டி எல்லாம் பிணப் பரிசோதனைக்கு வைத்த மாதிரி வரிசையாக இருந்தன. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளி இரவு பத்து மணிக்கே தண்ணீர் குடிக்க எழுந்தவர், போன் சூடாக இருப்பதையும் மெசேஜ் ஆப் வேறு மாதிரி தெரிவதையும் கவனித்திருக்கிறார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. "திட்டுவியேன்னுதான்" என்றார். பணம் போனது அதற்குப் பிறகுதான். போன தீபாவளிக்கு அவர் ஏதோ ஃபார்வர்டை நம்பியதற்கு எல்லார் முன்னாலும் நான் கிண்டல் செய்தது ஞாபகம் வந்தது. அந்த 9,499இல் என் பங்கும் இருக்கிறது.

சிம்மைப் பழையபடி அந்தப் போனிலேயே போட்டால் வருகிற ஓடிபி எல்லாம் மறுபடி திருடனுக்கே போகும். அம்மாவின் பழைய பட்டன் போன் பரணில் இருந்தது. அதை சார்ஜ் ஏற்றி, அப்பாவின் சிம்மை அதில் போட்டேன். அன்று செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். பட்டன் போனில் எந்த ஏபிகேவும் ஏறாது. அடுத்த இரண்டு நாளும் எல்லா ஓடிபியும் அதில்தான் வந்தன.

இனி அடிபட்ட போன். சிம் இல்லாமல், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு அதை உயிர்ப்பித்தேன். எதையும் அழிக்கும் முன் அந்த மெசேஜ், அனுப்பிய எண், கோப்பின் பெயர், நேரம் எல்லாவற்றையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். புகாருக்கு அதுதான் சாட்சி. பதற்றத்தில் நிறையப் பேர் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறார்கள்.

முகப்புத் திரையில் புதிதாக ஒரு ஐகானும் இல்லை. அமைப்புகளில் எல்லா ஆப்களின் பட்டியலையும் திறந்து ஒவ்வொன்றாக இறங்கினேன். கூகுளின் சேவை ஒன்றைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, வெளிறிய ஐகானோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. நிறுவிய தேதி வெள்ளிக்கிழமை. தொட்டேன். பக்கம் திறந்தது, ஒரு நொடியில் தானாக மூடிக்கொண்டது. மறுபடி தொட்டேன், மறுபடி மூடியது. யாரோ உள்ளே இருந்துகொண்டு கதவைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். நிறுவும்போது அந்த ஆப் அப்பாவிடம் மூன்று அனுமதி கேட்டிருக்கிறது. 'சலானைப் பார்க்க அனுமதியுங்கள்' என்று ஒவ்வொன்றுக்கும் அவர் சரி போட்டிருக்கிறார். ஒன்று, எஸ்எம்எஸ்ஸுக்கான இயல்பு ஆப் ஆகும் உரிமை. அதனால்தான் ஓடிபியும் பணம் போன செய்தியும் அவர் கண்ணில் படவே இல்லை. எல்லாம் நேரே திருடனிடம் போய்விட்டன. இரண்டாவது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக இருக்கும் அணுகல்தன்மை அனுமதி. இதை வாங்கிவிட்டால் திரையைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாக அதுவே பொத்தானை அழுத்தலாம், அழிக்கப் போகிற பக்கத்தை மூடலாம். மூன்றாவது, சாதன நிர்வாகி என்ற பதவி. அது இருக்கும்வரை அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கிப்போய் நிற்கும்.

இதற்கு வழி சேஃப் மோட். பவர் பொத்தானை அழுத்தி, வரும் 'பவர் ஆஃப்' மீது விரலை எடுக்காமல் பிடித்திருந்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும் (போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்). அந்த மோடில் வெளியிலிருந்து நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. திரையின் மூலையில் சேஃப் மோட் என்று எழுத்து வந்தது. இப்போது அதே பக்கத்தைத் தொட்டால் திறந்தது திறந்தபடியே நின்றது. முதலில் பாதுகாப்புப் பகுதியில் சாதன நிர்வாகிகளின் பட்டியலுக்குப் போய் அதன் பதவியைப் பறித்தேன். பிறகு அணுகல்தன்மையை அணைத்தேன். எஸ்எம்எஸ் ஆப்பைப் பழையதற்கே மாற்றினேன். அன்இன்ஸ்டால் பொத்தானுக்கு உயிர் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அது கூட வேறு எதையாவது இறக்கி வைத்திருக்கிறதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பேரன் படங்களை மட்டும் கேபிள் போட்டு மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு, போனை முழுசாக அழிப்பது என்று முடிவு செய்தேன். இங்கேதான் புதுச் சிக்கல். அழித்த பிறகு போன் திறக்க வேண்டுமென்றால் அதிலிருந்த ஜிமெயில் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கலாம். "அது தெரியாதே" என்ற அப்பா, அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டினார். மூடியின் உள்பக்கம் நீலப் பேனாவில் மின்னஞ்சல் முகவரி, கீழே அப்பாவின் பெயர், பக்கத்தில் 123. போன் விற்ற கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது. மடிக்கணினியில் அதைப் போட்டு உள்ளே போனால், கணக்கை மீட்பதற்கான எண் என்ற இடத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு கைபேசி எண்.

"கடைத் தம்பி நம்பரா இருக்கும். நல்ல பையன்தான்" என்றார் அப்பா.

இருக்கட்டும். கெட்ட எண்ணத்தில் செய்தான் என்று நானும் நினைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தன் எண்ணையே போட்டிருப்பான். ஆனால் நான்கு வருஷமாக அந்த எண் கையில் இருக்கும் யாரும் அப்பாவின் கணக்கைத் திறந்திருக்கலாம். மீட்பு எண்ணை என்னுடையதாக மாற்றினேன். பாஸ்வேர்டுக்கு அவர் வேலை பார்த்த நான்கு துணைமின் நிலையங்களின் பெயரை, அவர் மாற்றலான வரிசையில் கோத்து எழுதச் சொன்னேன். நீளமானது, அவருக்கு மறக்கவே மறக்காது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டேன்.

அதே கணக்கில் தொடர்புப் பட்டியலைப் பார்த்தபோது 'ஏடிஎம் ராஜா' என்று ஒரு பெயர். யார் இது என்று கேட்டேன். அப்பா முதல்முறையாகச் சிரித்தார். அப்படி ஒரு ஆளே இல்லை. பத்து இலக்க எண்ணில் கடைசி நான்கு, கார்டின் பின் நம்பர். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற நம்பிக்கையில் பத்து வருஷமாக வைத்திருக்கிறார். தொடர்புப் பட்டியலை மொத்தமாக உருவுவதுதான் இந்த மாதிரி ஆப்களின் முதல் வேலை. ராஜாவை அழித்தோம்.

வாட்ஸ்அப்புக்கு ஒரு வாரம்

இரவு 2:10க்குக் கோப்பை அனுப்பியது அப்பாவின் போன்கூட இல்லை. ஓடிபி கையில் கிடைத்ததும் திருடன் அப்பாவின் வாட்ஸ்அப்பைத் தன் போனிலேயே திறந்துவிட்டான். இப்போதெல்லாம் ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளலாம். என் போனில் அப்பாவின் எண்ணை இரண்டாவதாகச் சேர்த்தேன். ஆறு இலக்க எண் பட்டன் போனில் வந்தது. போட்டதும் அவன் வெளியே தள்ளப்பட்டான். ஆனால் போகிற போக்கில் இரட்டைச் சரிபார்ப்பு பின் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே வர முடியாது என்பதுதான் ஆறுதல்.

குழுக்களுக்கு அம்மா போனிலிருந்து ஒரு குரல் பதிவு போட்டோம். எழுதினால் பாதிப்பேர் படிக்க மாட்டார்கள், இன்னொரு பாதிக்கு அதுவும் மோசடி மாதிரி தெரியும். அப்பாவின் குரல் எல்லாருக்கும் தெரியும். "நான்தான் பேசுறேன், என் நம்பர்லேருந்து வந்ததைத் தொடாதீங்க, தொட்டவங்க சிம்மைக் கழட்டுங்க" என்று லைன் இன்ஸ்பெக்டர் தோரணையிலேயே பேசினார். ஓய்வூதியர் குழுவில் இரண்டு பேர் ஏற்கெனவே நிறுவியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிப் பொழுது அவர்கள் போன்களில் சேஃப் மோட் போட்டுக் காட்டுவதில் போனது. இரண்டாவது ஆளின் போனுக்கு அப்பாவே செய்தார்.

மிச்ச சில்லறை வேலைகள்

அழித்துத் திறந்த போனில் பழைய ஆப்களை பேக்கப்பிலிருந்து மீட்கவில்லை. தேவையானதை மட்டும் பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக ஏற்றினேன், மொத்தம் எட்டுதான் தேறின. அறியாத மூலங்களிலிருந்து ஆப் நிறுவும் அனுமதி வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் மூன்றுக்கும் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டுத் திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றினேன்.

சிம்முக்கு ஒரு பின் போட்டேன். போன் திருடு போனால், திருடன் சிம்மை உருவி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவான். இந்த பின் இருந்தால் முடியாது. ஒரு எச்சரிக்கை: மாற்றும் முன் பழைய பின் கேட்கும். சிம்மோடு வரும் அந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஊகித்து மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியூகே எண் கேட்கும். நான் இரண்டு முறை தப்பாகப் போட்டுவிட்டு, மூன்றாவதற்கு முன் உள்ளங்கை வேர்த்து, சிம் நிறுவனத்தின் ஆப்பில் தேடிப் பார்த்துத் தப்பித்தேன்.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டு, அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். நான்கு. மூன்று எங்களுடையவை. நான்காவதன் கடைசி நான்கு எண் யாருக்கும் தெரியவில்லை. 'என் எண் இல்லை' என்பதை அழுத்திப் புகார் கொடுத்தோம்.

அது எப்படி வந்திருக்கும் என்பதற்கு, போனை அழிக்கும் முன் பார்த்த கேலரியே பதில் சொன்னது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களின் கோப்புறையில் ஆதார் அட்டை மட்டும் 11 முறை. கேஸ் இணைப்புக்கு, திருப்பதி அறைக்கு, சீட்டுக்காரருக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, பெயர் நினைவில்லாத யாரோ ஒருவருக்கு. எல்லாம் முழு எண்ணோடு, முன்னும் பின்னும். எம்ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டினேன். வேண்டும்போது அங்கேயே திறந்துகொள்ளலாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி, இரண்டு பிரதி எடுத்து அப்பாவின் பர்ஸில் வைத்தேன். சாதாரணமாகக் கேட்கிற இடத்தில் பெரும்பாலும் அது போதும்.

வங்கி விஷயத்தில் சின்ன மாற்றம்தான், ஆனால் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து யுபிஐயை முழுசாக எடுத்துவிட்டோம். புது கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டும் அணைப்பு. இப்படித் தனித்தனியாக அணைக்கும் வசதி எல்லா வங்கி கார்டிலும் இருக்க வேண்டும் என்பது 2020 முதல் ரிசர்வ் வங்கி விதி. இன்னொரு கணக்கில் 5,000 ரூபாய் மட்டும் போட்டு, காய்கறிக்கும் மருந்துக்கும் யுபிஐ அதிலிருந்து. இனி ஏமாந்தாலும் அவ்வளவுதான் போகும். அப்பா இதைக் கேட்டதும் புரிந்துகொண்டார். "மெயின் லைன் வேற, சர்வீஸ் லைன் வேற. நடுவுல ஃபியூஸ்." நான் அரைமணி நேரம் விளக்கத் தயாராக வந்திருந்தேன்.

பணத்தில் 4,500 திரும்பி வந்தது. அதை வைத்து ஏதோ பொருள் வாங்கியிருந்தார்கள், அனுப்பும் முன் ஆர்டர் ரத்தானது. 4,999 வரவில்லை.

கிளம்பும் முன் அப்பா ஆர்சி புத்தகத்தை எடுத்து வந்தார். நிஜமாகவே சலான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனின் இ-சலான் பக்கத்து முகவரியை எழுத்து எழுத்தாக அவரையே அடிக்கச் சொன்னேன், முடிவில் அரசுத் தளங்களுக்கான வால் இருக்கிறதா என்றும் அவரே பார்த்தார். வண்டி எண் போட்டோம். ஒன்று இருந்தது. போன வருஷத்தது, ஹெல்மெட் இல்லாததற்கு, 1,000 ரூபாய். அம்மா உள்ளே இருந்து, "இதுவாவது நெசமா?" என்றார்.

சர்வீஸ் லைன் கணக்கிலிருந்தே கட்டினோம். பின் நம்பர் போடும்போது அப்பா போனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.